சாம்பல் நிற எம்டன்

சின்ன வயசுல என்னை எங்க பாட்டி "சரியான எம்டன்டா நீ"ன்னு திட்டாத நாளே கிடையாது. எமனுக்கு ஏதோ சொந்தக்காரன் போலிருக்குன்னு ரொம்ப நாள் நினைச்சிக்கிட்டிருந்தேன். அது ஒரு கப்பலோட பேரு, அந்தக் கப்பல் நம்ம ஊருக்கு ஒரு ராத்திரி வந்து குண்டு போட்டுட்டுப் போச்சுன்னு தெரிஞ்சப்போ எட்டாம் கிளாஸ். அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு, இன்னும் விடலை. அந்தக் கிறுக்கோட லேட்டஸ்ட் கதைதான் இது. கொஞ்சம் நீளம். காபி, டீ ஏதாவது கையில வச்சிக்கிட்டு உக்காருங்க.

எனக்குக் கப்பல் பொம்மை செய்யறது பொழுதுபோக்கு. 'பொம்மை'ன்னு தங்கமணி சொல்றாங்க. நான் 'அளவு மாதிரி'ன்னு கௌரவமா சொல்லிக்குவேன். பதினாலு மாசத்துக்கு முன்னாடி ரெவெல் கம்பெனியோட எம்டன் கிட் ஒண்ணு கைக்குக் கிடைச்சது. அளவு 1:350. நிஜக் கப்பலோட நீளம் 118 மீட்டர். என் மேஜை மேல அது 34 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேலை விடக் கொஞ்சம் பெருசு. அகலம் நாலு சென்டிமீட்டர் கூட இல்லை.

இந்த அளவுல ஒவ்வொண்ணும் எப்படி ஆகும்னு பாருங்க. எம்டன்ல 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, நடுவுல பக்கத்துக்கு மூணு. ஒரு பீரங்கிக் குழலோட நீளம் என் மேஜையில 12 மில்லிமீட்டர், ஒரு தீக்குச்சியில கால்வாசி. அதோட வாய் 0.3 மில்லிமீட்டர். ஒரு மாலுமி அஞ்சு மில்லிமீட்டர் கூட இல்லை. கைப்பிடிக் கம்பிகளை மெல்லிசான பித்தளைத் தகட்டுல அமிலத்தால அரிச்சு வெட்டி விக்கிறாங்க. அதை இடுக்கியில பிடிச்சு சூப்பர் க்ளூ வச்சு ஒட்டணும். மூச்சு விட்டா பறக்கும். ஃபேன் போடக் கூடாது. சென்னையில, மே மாசத்துல, ஃபேன் போடாம! பாய்மரக் கயிறுக்கு நூல் எல்லாம் சரிப்படாது, முரடாத் தெரியும். கிட்ல மிஞ்சுற பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தி மேல காட்டி, இளகினதும் ரெண்டு பக்கமும் இழுத்தா தலைமுடி மாதிரி நீளும். அதுதான் கயிறு. விரல் சுடும், பழகிடும்.

ஆனா ஒட்டறதும் வெட்டறதும் இதுல பாதி வேலைதான். மீதிப் பாதி தேடறது. எம்டன்னு தேடினா வர்ற படத்துல எத்தனை நம்ம எம்டன் இல்லைன்னு கண்டுபிடிக்கவே எனக்கு மூணு மாசம் ஆச்சு. அதே அச்சுல வார்த்த அக்கா கப்பல் டிரெஸ்டன். வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணு. எஞ்சின் வேற, தண்ணிக்குக் கீழ டிரெஸ்டனுக்கு நாலு சுழல்விசிறி, எம்டனுக்கு ரெண்டு. போட்டோவுல தண்ணிக்குக் கீழ எங்க பாக்கறது? போதாக்குறைக்கு முதல் எம்டன் 1914 நவம்பர்ல அழிஞ்சதும் ஜெர்மன்காரங்க அதே பேர்ல இன்னொரு கப்பல் விட்டாங்க. அதுக்கும் மூணு புகைபோக்கி! அப்புறம் 1925-ல இன்னொண்ணு. நல்லவேளை, பழைய எம்டனோட நினைவா அடுத்து வந்த கப்பலோட மூக்குல பெரிய இரும்புச் சிலுவை மாட்டியிருந்தாங்க. சிலுவை தெரிஞ்சா நம்ம ஆளு இல்லைன்னு தள்ளிடலாம்.

இப்படியெல்லாம் தேடி, பதினோரு மாசத்துல கப்பல் முடிஞ்சது. உடம்பு பளீர் வெள்ளை, புகைபோக்கியும் மேல்கட்டும் காவி கலந்த மஞ்சள். கிழக்குக் கடல்ல இருந்த ஜெர்மன் கப்பல்களுக்கு அதுதான் நிறம். எம்டன் 1910-ல ஜெர்மனியை விட்டுக் கிளம்பி சீனாவுல இருந்த சிங்தாவோவுக்குப் போனதுதான், அப்புறம் சொந்த ஊர் திரும்பவே இல்லை. அங்க அந்த வெள்ளை உடம்போட அழகைப் பார்த்து 'கிழக்கின் அன்னம்'னு பேர் வச்சிருந்தாங்க. வெள்ளை அடிக்கிறது சாதாரண வேலை இல்லை மக்களே. மழைக்காலத்துல காத்துல ஈரம் இருந்தா பெயின்ட் மேல பால் ஆடை மாதிரி படலம் கட்டும். மூணு தடவை தேச்சு, மூணு தடவை அடிச்சு, கடைசியில அன்னம் மாதிரியே வந்துச்சு. பீடத்துல ஒரு சின்ன பலகையும் செஞ்சு வச்சேன்: 'எம்டன், சென்னை, 22 செப்டம்பர் 1914'.

முதல்ல காட்டினது பெரியப்பாகிட்ட. எண்பது தாண்டிடுச்சு. கண் கொஞ்சம் மங்கல், ஞாபகம் கத்தி. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இதுவா வந்துச்சு?"

"ஆமா பெரியப்பா. இதேதான்."

"எங்கப்பாவுக்கு அப்ப எட்டு வயசு. ராயபுரத்துல வீடு. எண்ணெய் டாங்கு எரியற வெளிச்சம் தெருவெல்லாம் செவப்பா அடிச்சுதாம். மறுநாள் காலையில மாட்டு வண்டி பிடிச்சு, அண்டா குண்டானோட செங்கல்பட்டுக்குப் போயிட்டாங்க. அவரு கப்பலைப் பத்திச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். யாருமே பாக்கலைடா. சத்தம் வந்துச்சு, நெருப்பு வந்துச்சு. கப்பலை யாரும் பாக்கலை. இத்தனை வெள்ளையா இருந்தா தெரிஞ்சிருக்காதா?"

ஙே... எனக்குத் தொண்டைக்குள்ள ஏதோ அடைச்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா எனக்குத் தெரியும். அதான் விஷயம். தேடற காலத்துலயே படிச்சிருந்தேன், 1914-ல போர் வந்ததும் அந்த வெள்ளை போய்ச் சாம்பல் நிறம் ஏறிடுச்சுன்னு. படிச்சிட்டு, வெள்ளை அழகா இருக்கேன்னு, அந்தப் பக்கத்தை மெதுவா மூடி வச்சிட்டேன். அமைதிக்காலத்து எம்டன்னு பலகையில போட்டிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை. நான் போட்டது 22 செப்டம்பர் 1914. அந்தத் தேதிக்கு இந்த நிறம் பொய்.

பெரியப்பா அதோட விடலை. "செண்பகராமன் பிள்ளை எங்கடா? அவரு அந்தக் கப்பல்ல வந்தாருன்னு சொல்வாங்களே. ஒரு தலைப்பாகை ஆளை நிறுத்தி வையேன்."

இது நம்ம ஊர்ல ரொம்பப் பேர் சொல்ற கதை. எனக்கும் ஆசைதான். அஞ்சு மில்லிமீட்டர்ல ஒரு தமிழ் ஆளை ஜெர்மன் கப்பல்ல நிறுத்தினா எவ்வளவு பெருமை! ஆனா கணக்கு இடிக்குது. கப்பல் சிங்தாவோவுல. அவர் 1914-ல சூரிச்சுலயும் பெர்லின்லயும் இந்திய விடுதலைக்கு வேலை செஞ்சுக்கிட்டிருந்தார். சிங்தாவோவுல ஜூலை கடைசியில கிளம்பின கப்பல்ல அவர் எங்க ஏறியிருக்க முடியும்? அவர் செஞ்ச வேலை செஞ்சதுதான், அதுக்கு இந்தக் கப்பல் தேவையில்லை. பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். "ஓ" அப்படின்னார். கொஞ்சம் ஏமாத்தம்தான் அவருக்கு. அவருக்குச் செண்பகராமன் இல்லைன்னு சொல்லிட்டு, எனக்கு மட்டும் வெள்ளை வச்சிக்கிறது என்ன நியாயம்?

ரெண்டு வாரம் அந்தக் கப்பல் பக்கமே போகலை. தங்கமணி "என்ன, அன்னத்துக்கு உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாங்க. "பலகையை மாத்தி எழுதிட்டாப் போச்சு"ன்னும் சொன்னாங்க. சுலபமான வழி அதுதான். ஆனா நான் இந்தக் கப்பலைச் செய்ய ஆரம்பிச்சதே அந்த ஒரு ராத்திரிக்காகத்தான். தேதியை மாத்தினா அது வேற ஏதோ ஒரு ஜெர்மன் கப்பல்.

ஒரு ஞாயித்துக்கிழமை, ஆயிரம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு வெள்ளை மேல வச்சேன். கை நடுங்கிச்சு, பொய் சொல்லலை. முன்பக்கக் கைப்பிடிக் கம்பி முழுசாப் பிஞ்சுது. பின்பாய்மரம் உடைஞ்சுது. பளபளப்பு போற வரைக்கும் தேச்சு, மேல சாம்பல் அடிச்சேன். அதுவும் புதுச் சாம்பலா இருக்கக் கூடாது. அந்தக் கப்பல் நடுக்கடல்ல வேற கப்பலோட உரசிக்கிட்டே நிலக்கரி ஏத்தினது. விலாவெல்லாம் நசுங்கி, துரு வழிஞ்சு, கூடுதல் நிலக்கரி மேல்தளத்துலயே குவிஞ்சு கிடக்கும். ஆக, துருவுக்கு ஒரு பழுப்பு, கரிக்கு அடுப்புக்கரியை நுணுக்கித் தூவின பொடி. அன்னம் போயே போச்சு. ஒரு களைச்சுப்போன, அழுக்கான கப்பல் வந்து நின்னுச்சு. வங்காள விரிகுடாவுல பத்து நாளா ஒவ்வொரு கப்பலாப் பிடிச்சு மூழ்கடிச்சிட்டு வந்த கப்பல் வேற எப்படி இருக்கும்?

இதுல ஒரு வேடிக்கை. பொய்யெல்லாம் எடுத்துடணும்னு உக்காந்த நான் கடைசியா செஞ்சது ஒரு பொய்ப் புகைபோக்கி. எம்டனுக்கு மூணு புகைபோக்கி. எதிரியான இங்கிலீஷ் கப்பல் யார்மவுத்துக்கு நாலு. அது மாதிரி தெரியணும்னு மரச்சட்டத்துல கித்தான் கட்டி நாலாவது ஒண்ணை எம்டன்காரங்களே செஞ்சுக்கிட்டாங்க. முதல்ல செஞ்சது சும்மா தட்டையா ஒரு திரை. பக்கவாட்டுல பார்த்தா புகைபோக்கி, நேர் எதிர்ல இருந்து பார்த்தா மாயம்! அப்புறம்தான் உருண்டையா செஞ்சாங்க. அந்த வேஷத்தோடதான் அக்டோபர் 28 விடியக்காலையில பினாங்கு துறைமுகத்துக்குள்ள போய், ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கையும், அப்புறம் பிரெஞ்சு நாசகாரி மூஸ்கேயையும் மூழ்கடிச்சது. நான் கல்யாணப் பத்திரிகை மேல வர்ற மெல்லிசு டிஷ்யூ தாளைப் பசையில நனைச்சு, தீக்குச்சிச் சீவல்ல சுத்தி அதைச் செஞ்சேன். கழட்டி மாட்டற மாதிரி. சென்னைக்கு வரும்போது பெட்டிக்குள்ள, பினாங்குக்குப் போகும்போது மேல.

இந்தத் தடவை பீடத்துக்கு அடியில இன்னும் ரெண்டு வரி சேர்த்தேன். சென்னையில செத்தவங்க அஞ்சு பேர். சுமார் 130 குண்டு, கொஞ்ச நேரம்தான். பர்மா ஆயில் கம்பெனியோட டாங்குகள்ல எண்ணெய் எரிஞ்சுது. ஹைகோர்ட் மதில்ல குண்டு பட்ட இடத்துல கல்வெட்டு இன்னும் இருக்கு. அதுக்கப்புறம் ஏழே வாரம். நவம்பர் 9, கோகோஸ் தீவுகள்கிட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனைப் பிடிச்சிடுச்சு. மூணு புகைபோக்கியும் முன்பாய்மரமும் சாய்ஞ்சு, கேப்டன் வான் முல்லர் கப்பலைப் பவளப்பாறை மேல ஏத்தி நிறுத்தினார். 130 பேருக்கு மேல செத்துப் போனாங்க. மேல்தளத்துல நான் ஒட்டின ஒவ்வொரு அஞ்சு மில்லிமீட்டர் ஆளையும் ஒட்டும்போது இந்த எண்ணிக்கை மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. பாதி ஆளுங்களை ஒட்டினதோட நிறுத்திட்டேன்.

பேரு மட்டும் நம்மகிட்ட தங்கிடுச்சு. மலையாளத்துல பெருசா எதைப் பார்த்தாலும் 'எமண்டன்'ங்கறாங்க. 2006-ல 'எம்டன் மகன்'னு ஒரு படத்துக்குப் பேர் வச்சு, வரிவிலக்குக்காக அது 'எம் மகன்' ஆச்சு. ஒரு ஜெர்மன் துறைமுக ஊரோட பேரு நம்ம பாட்டி வாயில வசவா வந்து உக்காந்த கதையை வேற எங்க போய்ச் சொல்ல?

முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. அன்னைக்கு எம்டன் கரையிலிருந்து சுமார் 3,000 கஜ தூரத்துல நின்னு சுட்டதாச் சொல்வாங்க. என் அளவுல அது எவ்வளவு? டேப்பை எடுத்து மேஜையிலிருந்து அளந்தேன். 7.8 மீட்டர். ஹாலைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, வராந்தாவுல பெரியப்பா பேப்பர் படிக்கிற சாய்வு நாற்காலியில போய் நின்னுச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் கரண்ட் போச்சு. பெரியப்பா நாற்காலியில இருந்தார். நான் மேஜைகிட்ட.

"பெரியப்பா, அங்கிருந்து கப்பல் தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிக்கிட்டு உள்ள பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலைடா."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவரா சொன்னார், "எங்கப்பாவும் இதைத்தான்டா சொன்னாரு."

டிஸ்கி: அடுத்தது என்னன்னு தங்கமணி கேட்டாங்க. சிட்னின்னேன். அதுக்கு நாலு புகைபோக்கியாம், அதுவும் நிஜப் புகைபோக்கி. முறைச்சிட்டுப் போயிட்டாங்க :)