கொடுக்காமல் வைத்த மெட்டுகள்

எங்கள் சபையின் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்தியவன் நான். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு பாடிவிட முடியாது. சரணத்தில் எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எங்கே பல்லவிக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் வாய்வழியாக வந்தவை. எனக்கு முன்னிருந்த உபதேசியார் என்னை ஆலயத் திண்ணையில் உட்காரவைத்து, தொடையில் தாளம் போட்டு, நான் தப்பும்போதெல்லாம் சலிக்காமல் முதலிலிருந்து பாடிக் காட்டினார். அவருக்கும் யாரோ அப்படித்தான் கொடுத்திருப்பார்கள்.

நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

கீபோர்டு வாசிக்கும் பெண் ஒருத்தி ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து நிற்பாள். "மாமா, லெந்து காலப் பாட்டையெல்லாம் போன்ல பதிவு பண்ணிக்கட்டுமா?" என்பாள். "அடுத்த வாரம் பாப்போம்மா" என்பேன். பிறகு பண்டிகை முடியட்டும் என்பேன். பழைய மெட்டு கெட்டுவிடக் கூடாதென்று நான் காவல் காப்பதாகச் சபையார் நினைத்தார்கள். அந்த நினைப்பை நானும் வளர்த்தேன். உண்மை வேறு. அவள் கற்றுக்கொண்டால் நான் தேவைப்படமாட்டேன். எத்தனையோ அடக்க ஆராதனைகளில் முன்னால் நின்று நம்பிக்கையோடு பாடியவன்தான். ஆனால் நான் போன மறு ஞாயிறும் ஆராதனை ஒரு குறையுமில்லாமல் நடக்கும் என்ற எண்ணத்தை என்னால் தாங்க முடியவில்லை.

மனச்சாட்சி உறுத்தியபோது, "கர்த்தர் தம்முடைய காரியத்துக்கு ஆளை எழுப்புவார்" என்று சொல்லிக்கொள்வேன். அது சத்தியம். அந்தச் சத்தியத்தை என் கருமித்தனத்துக்குப் போர்வையாக்கினேன். இதுதான் என்னை இன்று அதிகம் வெட்கப்படுத்துகிறது.

அந்தச் சத்தியத்துக்கு நம் தமிழ் வேதமே சாட்சி. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிவிட்டு, பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில் 1719 பிப்ரவரியில் இறந்தார். வயது 36. பெஞ்சமின் சூல்ட்சே அதே ஆண்டு பிற்பகுதியில் வந்து, மிச்சத்தை முடித்தார். பிறகு பப்ரிசியஸ் பல ஆண்டுகள் உழைத்துப் புதிதாக மொழிபெயர்த்தார். 1871-இல் பவர் தலைமையிலான குழுவின் திருத்தம் வந்தது. இன்று நம் கையிலுள்ள வேதம் இத்தனை பேர் கைமாறி வந்தது. தேவன் ஆளை எழுப்பினார். எழும்பி வந்தவர்களுக்கு முன்னவர் எழுதிவைத்த தாள்களும் இருந்தன. நான் எதை வைத்திருக்கிறேன்?

எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில், உனக்கு மரணம் வருகிறது என்று கர்த்தர் சொன்னதும், சபை மேய்ப்பனில்லாமல் போகாதபடி ஒருவனை ஏற்படுத்தும் என்று மோசே கேட்கிறார். யோசுவாவின்மேல் கைகளை வைக்கிறார். மோசேயின் ஜெபமென்று தலைப்பிட்ட 90-ஆம் சங்கீதமும் பிள்ளைகளுக்காக வேண்டுகிறது. அடக்க ஆராதனைகளில் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆயுசு எழுபது, எண்பது என்ற இடத்தில் என் மனம் நின்றுவிடும். பிள்ளைகள் வரும் வசனத்துக்குப் போனதேயில்லை.

அந்தப் பெண் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். போன வருஷம் எனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. தேறி வந்து துக்க வெள்ளிக்கிழமை ஆராதனையில் பாட நின்றபோது, இரண்டாம் சரணத்தின் திருப்பம் வரவில்லை. சபை காத்திருந்தது. ஆர்மோனியம் என்னை எதிர்பார்த்து ஒரே சுரத்தில் நின்றது. எடுத்துக்கொடுக்க அங்கே ஒருவருமில்லை. அப்படி ஒருவரும் இல்லாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

பிறகு அவளைப் போனில் கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். "சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு லீவுதான் மாமா" என்றாள். இப்போது சனிக்கிழமைகளில் பாடுகிறேன், அவள் பதிவு செய்து சுரம் எழுதுகிறாள். என் நினைவில் நிற்பவை அவளிடம் போகின்றன. அந்த இரண்டாம் சரணம் திரும்பி வரவில்லை. உபதேசியாரிடமிருந்து அது என்வரை பத்திரமாக வந்திருந்தது.