ரெண்டு கோப்பை டீ பொட்

போன சனிக்கிழமை டவுனுக்குப் போய் ஒரு டீ பொட் வாங்கி வந்தோம். இதெல்லாம் ஒரு பதிவா என்று கேட்பவர்கள் தாராளமாக அடுத்த பதிவுக்குப் போகலாம்.

எங்கள் வீட்டில் இத்தனை வருடமும் தேத்தண்ணி அலுமினியக் கேத்தலில்தான். ஒரு தடவைக்கு எட்டுக் கோப்பை. பிள்ளைகள் மூவர், உம்மா, நாங்கள் இருவர், வந்துபோகும் அயலவர்கள். இப்போது மூத்தவன் கட்டாரில். நடுவுள்ளவள் கலியாணமாகிக் கிண்ணியாவில். கடைசி மகள் பேராதனையில் படிக்கிறாள். உம்மா மௌத்தாகி வருகிற றஜபோடு இரண்டு வருடம். ஆனாலும் அஸர் தொழுதுவிட்டு வந்தால் கைப்பழக்கத்தில் எட்டுக் கோப்பைத் தண்ணியைத்தான் அடுப்பில் வைப்போம். மிச்சத்தை மஃரிபுக்குப் பிறகு ஊற்றிவிடுவோம்.

அதனால்தான் சின்னதாக ஒன்று தேடினோம். கையால் பூ வரைந்த பீங்கானாக இருக்கவேண்டும் என்பது எங்களில் ஒருவரின் ஆசை. யாரென்று சொல்லமாட்டோம்.

முதல் கடையில் ரோஜாப்பூப் போட்ட ஒன்றைக் காட்டி ஹேண்ட் பெயின்ட் என்றார்கள். அதே மாதிரி இன்னொன்றைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தோம். அதே ரோஜா, அதே இடத்தில் அதே மடிப்பு. போனில் பெரிதாக்கிப் பார்த்தால் பூ முழுக்கப் புள்ளி புள்ளி. அச்சுத்தாளை ஒட்டிச் சுட்டது அது. கையால் வரைந்ததென்றால் தூரிகை வைத்த இடத்தில் நிறம் கனமாகவும் எடுத்த இடத்தில் மெலிந்தும் இருக்கும். ஒரு இலை போல இன்னொரு இலை இருக்காது.

இரண்டாவது கடையில் நீலக் கொடி வரைந்த ஒன்று கிடைத்தது. விரலால் தடவினோம், தட்டவில்லை. நிறம் மெருகுக்குக் கீழே இருக்கிறது. கோபால்ட் நீலம் 1300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டையும் தாங்கும். சிவப்பு, மஞ்சளையெல்லாம் பெரும்பாலும் மெருகுக்கு மேலே பூசி, 800 பாகை அளவில் திரும்பவும் சுடுவார்கள். பழைய மேல்பூச்சு நிறங்களில் ஈயமும் கட்மியமும் இருந்ததுண்டு. தேசிக்காய்ப் புளிப்புப் பட்டால் அவை கரைந்து வரலாம். ஆகவே உள்பக்கம் வெறும் வெள்ளையாக இருப்பதுதான் நல்லது. (பீங்கான் என்ற சொல்லே பாரசீக வழி வந்தது. அறபியில் ஃபின்ஜான். சீனக்குடாப் பக்கம் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.)

கடைக்காரரிடம் தண்ணி கேட்டு ஊற்றியும் பார்த்தோம். சாய்த்தால் மூடி விழவில்லை, மூக்கிலிருந்து சொட்டு வழியவில்லை. 400 மில்லி, சரியாக இரண்டு கோப்பை.

"சேர், டீச்சர், இது புள்ளைகள் விளையாடுற சாமான் மாதிரியெல்லோ இருக்கு. வீட்டுக்கு ஆக்கள் வந்தா என்ன செய்வீங்க? பெரிசை எடுங்க" என்றார்.

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. பெரியதைக்கூட ஒருமுறை தூக்கிப் பார்த்தோம்.

உம்மாவிடம் மூதூரில் ஒரு செட் இருந்தது. 1972இல் மாத்தளையில் தொடங்கிய நொரிடாக்கே தொழிற்சாலையின் பீங்கான். எப்போதும் கண்ணாடி அலுமாரிக்குள்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று ஒரு தரம் இறக்கி, கழுவி, திரும்ப அடுக்கிவிட்டார். 2006 ஆகஸ்ட்டில் ஊரே கந்தளாய்க்கு வெளிக்கிட்டபோது அலுமாரியைப் பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். திரும்பிப் போனபோது திறப்பு இருந்தது. அலுமாரி இல்லை. "ஒரு நாளாவது அதுல தேத்தண்ணி குடிச்சிருக்கலாம்" என்று பிறகு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

சின்னதையே எடுத்தோம்.

தேயிலை சுவை பார்ப்பவர்களுக்கு ஒரு சர்வதேச நியமம் உண்டு: 100 மில்லித் தண்ணிக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். அதன்படி ஊற்றினோம், நாக்கைப் பிடித்து இழுத்தது. இப்போது முதலில் பொட்டைச் சுடுதண்ணியால் அலசுகிறோம், இரண்டு தேக்கரண்டி தேயிலை, நாலு நிமிடம். கசப்பு ஏறுமுன் பொட் காலியாகிவிடுகிறது.

அதை அலுமாரியில் வைக்கவில்லை, அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மூக்கு நுனியில் ஏற்கெனவே சின்னதாக ஒரு சில்லுப் போய்விட்டது. அதுவும் யாரென்று சொல்லமாட்டோம்.

கேத்தலைத் தேய்த்துக் கழுவி மேல்தட்டில் கவிழ்த்திருக்கிறோம். கட்டார்காரனுக்கு லீவு கிடைத்தால் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மூவரும் வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.