சுவரில் ஒரு பழைய திரை

மடிக்கணினி ஒன்று பழுதுபட்டால் அதன் உறுப்புகள் எல்லாம் ஒருசேர மடிந்துவிடுவதில்லை. பேட்டரி முதலில் தளரும், கீல் ஒடியும், உள்ளிருக்கும் மதர்போர்டு ஒருநாள் அசைவற்றுப் போகும். திரை மட்டும் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஆயினும் மற்றவற்றோடு அதுவும் பரணுக்குப் போகிறது. பின்னர் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகிறது. 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22 விழுக்காட்டைச் சற்றே கடந்தது என்றும் ஐக்கிய நாடுகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அந்தக் குவியலுக்குப் போகவிருந்த ஒரு திரையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

வேலையைத் தொடங்கியவன் எம் தமையனாரின் மகன், பாலிடெக்னிக் மாணவன். மாதம் ஒருமுறை ஊருக்குச் செல்கையில் திருகுகளை ஏந்திக்கொண்டு நிற்பதும் கேள்வி கேட்பதுமே எம் பங்கு. 15.6 அங்குலத் திரையைப் பிரித்தெடுத்ததும், "சித்தப்பா, பின்னாடி ஒட்டியிருக்கிற நம்பரைப் படிங்க" என்றான். அந்த எண்ணில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இத்தகைய திரையில் எச்.டி.எம்.ஐ. கேபிளை நேரே செருக இயலாது. பழைய திரைகள் எல்.வி.டி.எஸ். என்னும் முறையிலும், புதியவை இ.டி.பி. என்னும் முறையிலும் செய்தி பெறுகின்றன. ஒன்றன் மொழியை மற்றொன்றுக்கு உரைக்கும் 'கன்ட்ரோலர் போர்டு' ஒன்று இடையே வேண்டும். திரையின் எண்ணைச் சொன்னால் சென்னை ரிச்சி தெருவில் அதற்குப் பொருந்தும் போர்டைத் தருவார்கள். பொருந்தாததை மாட்டினால் திரை கருகிவிடக்கூடும். மிகப் பழைய திரைகளில் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு: அவற்றின் பின்னொளி மெல்லிய குழல் விளக்கு; எரிய நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும்; உள்ளே பாதரசமும் இருக்கும். எமக்குக் கிடைத்தது எல்.இ.டி. பின்னொளி உடையது. நல்லதாயிற்று.

படத்தை அனுப்புவது ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி. 2012இல் விற்பனைக்கு வந்த இது ஏ.டி.எம். அட்டையின் நீள அகலமே உடையது. திரையின் கனம் சில மில்லிமீட்டர்தான். போர்டுகளை அதன் முதுகில் ஏற்றும்போதுதான் சட்டம் பருத்துப்போகிறது. எனவே அவற்றைக் கீழே ஒரு சிறு மரப்பெட்டிக்குள் ஒதுக்கி, பெட்டியின் பின்புறம் காற்றுத் துளைகள் இட்டோம். படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் மெல்லிய தேக்குச் சட்டம் செய்து தந்தார். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 10 வாட் மின்சாரமே செலவாகிறது.

இதுவரை எளிது. எதைக் காட்டுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. வானிலை, தங்கத்தின் விலை, கிரிக்கெட் ஓட்டங்கள், தலைப்புச் செய்தி என ஆறு கட்டங்களை அவன் வரைந்து வைத்திருந்தான். இவையெல்லாம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கின்றன அல்லவா? வீட்டில் கைப்பேசி இல்லாதவர் ஒருவரே. 84 வயதான எம் அன்னையார். மறதி நோய் தொடங்கி இரண்டாண்டுகள் ஆகின்றன. "இன்னைக்கு என்ன கிழமை?" என்பது அவர் நாள்தோறும் பலமுறை கேட்கும் கேள்வி. பலகை அவருக்காக எனின் ஆறு கட்டங்களுக்கு அங்கு இடமில்லை என்றோம். பேரனுக்கு முகம் வாடியது, ஆயினும் அழித்துவிட்டான்.

எஞ்சியவை நான்கு வரிகள்: கிழமை, தேதி, பொழுது, வீட்டில் இருப்பவர் யார், வெளியே சென்றவர் எப்போது வருவார் என்பது. பொழுதை எண்ணால் மட்டும் காட்டினால் போதாது. பகலில் உறங்கி விழிப்பவருக்கு 6:30 என்பது விடியலா அந்தியா என்று விளங்காது. 'மாலை' என்ற சொல் விளங்குகிறது. மறதி நோயாளர்க்கென விற்கப்படும் கடிகாரங்களும் இவ்வாறே பொழுதைச் சொல்லால் காட்டுகின்றன.

மாட்டும் உயரத்திலும் ஒரு நுட்பம் இருந்தது. மலிவான மடிக்கணினித் திரைகளில் பல 'டி.என்.' வகையின, கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் இருண்டு தோன்றும். நின்று பார்ப்போருக்குப் பளிச்சென்றிருந்த எழுத்து, சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் அன்னையாருக்குக் கருநிழல். ஆகவே ஆணியை அவர் கண்மட்டத்துக்கு இறக்கினோம். வருவோர் குனிந்து பார்க்கட்டும்.

எமக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. இவ்வகைச் சிறுகணினி பொதுவாக இணையத்தைக் கேட்டே நேரம் அறிகிறது. மின்சாரம் போய்த் திரும்பும் வேளையில் இணையமும் இல்லையென்றால், கடந்துபோன நேரத்தையே தயங்காமல் காட்டும். நமக்கு அது சிரிப்புக்குரியது. பலகையை நம்பித் தன் நாளைத் தொடங்குபவருக்கு? தவறாகச் சொல்லும் பலகையினும் வெறுஞ்சுவரே மேல். இதற்கெனப் பொத்தான் பேட்டரியுடன் கூடிய டி.எஸ்.3231 என்னும் சிறு கடிகாரத் துண்டு கிடைக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காக்கும். அதைப் பொருத்தும்வரை பலகையை மாட்ட வேண்டாமென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

இத்தனைக்கும் நடுவே அண்ணியார் ஒன்றும் பேசவில்லை. மாட்டி முடித்த அன்று, அடுக்களையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இனிமே அத்தை என்கிட்ட கேக்கவே மாட்டாங்களோ?" என்றார். எம்மிடம் விடை இல்லை. இருபதாம் முறையும் சலிக்காமல் "செவ்வாய்க்கிழமை அத்தை" என்று சொல்லி வந்தவர் அவர். அந்தக் கேள்வி கிழமைக்காக மட்டும் கேட்கப்படவில்லை என்பதை வீட்டில் முதலில் அறிந்தவரும் அவரே.

அன்னையார் இப்போது எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கிறார். படித்து முடித்ததும் அடுக்களைப் பக்கம் திரும்பி, "செவ்வாய்க்கிழமையாம், அப்படியா?" என்கிறார். "ஆமாம் அத்தை" என்று குரல் வருகிறது. கேள்விகள் சற்றுக் குறைந்திருக்கின்றன, நின்றுவிடவில்லை. தமையனார் வரும் நேரத்தைப் பார்த்து வாசலை நோக்குவதால், பேருந்து தாமதமானால் அவர் மகனுக்குத் தொலைபேசியில் சொல்ல, அவன் கல்லூரியிலிருந்தபடியே அவ்வரியை மாற்றுகிறான்.

மூன்று மாதங்களில் இருமுறை எழுத்தைப் பெரிதாக்கியாயிற்று. நான்கு வரிகளுக்கு இனி இடம் போதாது. "அப்பாயிக்கு தேதி வேண்டாம், கிழமை போதும், எடுத்துடலாமா?" என்று எம்மைக் கேட்டான். அம்மாவிடம் கேள் என்றோம்.