பூங்கோரை

பால்டிமோரில் வளரும் என் பேத்திக்கு மின்மினி என்றால் உயிர். அந்த ஊரில் அதற்கு மவுசும் உண்டு. அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் மக்எல்ராய் என்ற விஞ்ஞானி, 100 மின்மினிக்கு 25 சென்ட் வீதம் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பிடித்துவரச் சொன்னாராம். அரைத்த சாறு சற்று நேரத்தில் அணைந்துவிடும். உயிர்களுக்கெல்லாம் சக்தி தருகிற ஏ.டி.பி. என்ற பொருளைச் சேர்த்தால் மறுபடி எரியும். 1947-ல் அவர் கண்ட உண்மை இது.

2019 செப்டம்பரில் ஓர் ஆவணி முகூர்த்தத்துக்காக மண்டபம் வந்தவள், "தாத்தா, இங்கே மின்மினி எங்கே?" என்றாள். உடைமரமும் மணலுமாகக் கிடக்கிற கரையில் நான் எங்கே போவேன்? கதை எழுதுகிறவன் என்ற வீம்பு வேறு. "கடலுக்குள்ளேயே மின்மினி உண்டு, காட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நிலா இறங்கும்வரை காத்திருந்து, விடியற்காலை மூன்று மணிக்குப் போனோம். அலை உடைகிற இடமெல்லாம் நீலமாய் ஒரு கோடு ஓடிற்று. குழந்தை தண்ணீரை உதைத்தாள். கணுக்காலைச் சுற்றி வெளிச்சத்தில் கொலுசு போட்டாற்போல் இருந்தது. நாக்டிலூகா என்று பெயர். ஒரே உயிரணு, குண்டூசித் தலைகூட இராது. மின்மினி துணை தேடி விளக்குப் போடுகிறது. இதற்குக் காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அலைக்கழித்தால் எரியும், அவ்வளவுதான். ஒரு பாட்டில் நிறைய மொண்டுகொண்டாள்.

வள்ளத்தோரம் சும்மா உட்கார்ந்திருந்த கிழவர் சொன்னார்: "பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஐயா. பூங்கோரை. விடிஞ்சப்புறம் பாருங்க."

விடிந்தது. கடல் பச்சைக் குழம்பாக நின்றது. அந்த உயிரணுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் பச்சை அது. அளவு மீறிப் பெருகி, மடிந்து அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துவிடும், அம்மோனியாவும் சேரும். 2008-லும் மன்னார் வளைகுடாவில் இதே கூத்து. கரையெல்லாம் ஓராவும் கலவாயும் வாய் பிளந்து கிடந்தன.

கிழவர் ஒரு மீனைக் காலால் புரட்டினார். "இதைப் பார்த்தவங்க நல்ல மீனையும் தொடமாட்டாங்க. கடன் கொடுத்தவன் மட்டும் தவறாம வருவான்."

"நான் உதைச்சதாலேயா தாத்தா செத்துப்போச்சு?"

"இல்லையம்மா" என்றேன். அவள் என்னை நம்பவில்லை. பாட்டிலைக் கிழவரிடம் நீட்டி, இதைக் கடலிலேயே விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். அவர் வாங்கி, மேட்டு மணலில் கவிழ்த்துவிட்டுக் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.