பாதரசப் புத்தி

போன வாரம் அப்ரைசல். மேனேஜர் எழுதியிருந்ததில் வேலையைப் பற்றி நாலு நல்ல வரி, கடைசியில் 'மெர்க்கூரியல்' என்று ஒரு வார்த்தை. மெர்க்குரின்னா பாதரசம், பாதரசம்னா சுறுசுறுப்பு. ஆஹா, பாராட்டுதான் என்று அம்மாவுக்குப் போன் போட்டுப் பீற்றிக் கொண்டேன். அகராதியைப் புரட்டியது ராத்திரிதான். நிமிஷத்துக்கு ஒரு மனநிலை உள்ளவன் என்று போட்டிருந்தது. அவ்வ்வ்...

சரி, பட்டம் கொடுத்துட்டாங்க, அதோட பூர்வீகத்தையாவது பார்ப்போம்னு உட்கார்ந்தேன்.

மெர்க்குரி, ரோமானியர்களின் கடவுள். இறக்கை வைத்த செருப்பு, தேவர்களுக்குத் தூது போகும் வேலை. வியாபாரிகளுக்கும் திருடர்களுக்கும் சேர்த்தே காவல் தெய்வம் (நல்ல காம்பினேஷன்!). வானத்தில் வேகமாக இடம் மாறும் புதன் கிரகத்துக்கு இவர் பெயரை வைத்தார்கள். சும்மா இல்லை, 88 நாளில் சூரியனைச் சுற்றிவிடுகிற ஆசாமி. பிறகு ரசவாதிகள், கையில் நிற்காமல் உருண்டோடும் பாதரசத்துக்கும் அதே பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

புதன் ஆதிக்கத்தில் பிறந்தவன் கெட்டிக்காரன், வாய்ச்சொல்லில் வல்லவன். அதுதான் முதலில் மெர்க்கூரியல். நம்மூர் ஜோசியரும் புதனுக்கு இதையேதான் சொல்வார். சலனபுத்தி என்ற அர்த்தம் 17ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. குருவிலிருந்து வந்த ஜோவியல் கலகலப்பு, சனியிலிருந்து வந்த சாட்டர்னைன் உம்மணாமூஞ்சி. வெள்ளைக்காரன் அகராதிக்குள்ளேயும் ஒரு ஜாதகக் கட்டம் இருக்கு பாருங்க!

நம்ம தொழிலிலும் ஒரு மெர்க்கூரியல் உண்டு. 2005 ஏப்ரலில் பிட்கீப்பர் தன் இலவசப் பதிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்ததும், லினஸ் கிட் எழுதினார், மேக்கால் மெர்க்கூரியல் எழுதினார். பிட்கீப்பர் முதலாளியை ஒரு கட்டுரை இந்த வார்த்தையால் வர்ணித்திருந்ததாம். அதைப் படித்துத்தான் இந்தப் பெயர். டைப் அடிக்க வேண்டிய கமாண்ட், பாதரசத்தின் ரசாயனக் குறியீடான 'எச்ஜி'.

இவ்வளவும் படித்த பிறகும் மனசு ஆறவில்லை. மறுநாள் டீம்ல இருக்கிற ஜூனியர் பையனை டீ குடிக்கக் கூட்டிட்டுப் போனேன்.

"ஏம்ப்பா, நான் அப்படியா?"

டீயை ரொம்ப நேரம் ஆற்றினான்.

"அதெல்லாம் இல்லண்ணே. நீங்க ஹெட்போனைக் கழட்டி வைக்கிற சத்தத்தை வச்சு, அன்னிக்கு டவுட் கேக்கலாமா வேணாமான்னு நாங்களே முடிவு பண்ணிக்குவோம்."