ஒட்டுப்போர்வை

நுழையும்முன்

உழைத்து நைந்த துணிக்கு உரிய இடம் குப்பைதானா? காஞ்சிப்பட்டு நெய்த வீடொன்றில் மூதாட்டியும் பெயர்த்தியும் சேர்ந்து தைத்த போர்வையைப் பற்றியது இக்கட்டுரை.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்தை அடுத்துள்ள ஊர் தென்னேரி. ஊரின் பெயரைத் தாங்கிய பேரேரியே அதன் அடையாளம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனின் பெயரால் ‘திரையனேரி’ என வழங்கியது பின்னர்த் ‘தென்னேரி’ என மருவிற்று என்பர். அம்மன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. பரிசில் நாடி வரும் பாணனின் கந்தலாடையைக் களைந்து, மெல்லிய நூலாடையை மன்னன் அளிப்பதை அந்நூல் கூறுகிறது. கந்தையை நீக்குவது மன்னரின் கொடை. கந்தையையே நல்ல துணியாக மாற்றிக்கொள்வது எளிய வீடுகளின் திறன். தைத்தலுக்குத் ‘துன்னம்’ என்றொரு பழஞ்சொல்லும் தமிழில் உண்டு.

தென்னேரியில் அந்த மூதாட்டியின் வீட்டுக் கூடத்தில் தறிக்குழி மண்ணிட்டு மூடப்பட்டு ஈராண்டுகள் ஆகின்றன. அவருடைய கணவர் இறந்த பிறகு தறியில் அமர ஆளில்லை. மகன் தொழிற்சாலை வேலைக்குச் செல்கிறார். பெயர்த்திக்குச் சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதிக்குப் புறப்பட இருபது நாள்களே இருந்தன. கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களின் பட்டியலில் போர்வையும் இருந்தது.

“கடையில் வாங்கிக்கொள்கிறேன், ஆயா” என்றாள் பெயர்த்தி.

“கடைப்போர்வை குளிரைத்தான் தாங்கும், கண்ணு. பெட்டியைத் திற” என்றார் மூதாட்டி.

பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் பழந்துணிகள்: மூதாட்டியின் சுங்குடிச் சேலை, பெயர்த்திக்குத் தூளி கட்டிய நூற்சேலை, தந்தையின் கட்டம்போட்ட லுங்கி, சிறுமியாய் இருந்தபோது அவள் அணிந்த பள்ளிச் சீருடை. அவற்றின் அடியில் தாத்தாவின் வெள்ளை வேட்டியும், மூதாட்டியின் அரக்குநிறக் கூறைப்பட்டும் இருந்தன. அவ்விரண்டையும் மூதாட்டி எடுத்துத் தனியே வைத்தார்.

ஒட்டுப்போர்வையில் தையலுக்கு முன்னே வருவது திட்டம். முதலில் எல்லாத் துணிகளையும் நனைத்துத் துவைத்து உலர்த்தினர். சுருங்க வேண்டியது தைப்பதற்கு முன்பே சுருங்கிவிட வேண்டும். ஈரத்துணியை வெள்ளைத்துணிமேல் அழுத்திச் சாயம் பிடிக்கிறதா எனப் பார்த்தனர். பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்தனர். ஒளி மிகுதியாக ஊடுருவும் இடம் நைந்த இடம், அதை ஒதுக்கினர். நைந்த துணியை உறுதியான துணியோடு தைத்தால், இழுபடும்போது நைந்ததே முதலில் கிழியும்.

அடுத்தது கணக்கு. அகலம் 54 அங்குலம், நீளம் 90 அங்குலம் என முடிவாயிற்று. ஆறு அங்குலச் சதுரங்களாகப் பிரித்தால் அகலத்துக்கு 9, நீளத்துக்கு 15, ஆக 135 துண்டுகள். ஆனால், துண்டை ஆறு அங்குலமாக வெட்டக்கூடாது. நான்கு பக்கமும் தையலுக்குள் மடிய கால் அங்குலம் வேண்டும். ஆகவே, வெட்டும் அளவு ஆறரை அங்குலம். இதை மறந்து எல்லாவற்றையும் ஆறு அங்குலமாகவே வெட்டினால் போர்வை அகலத்தில் நாலரை அங்குலமும் நீளத்தில் ஏழரை அங்குலமும் குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே மடியும் அந்தக் கால் அங்குலந்தான் துண்டுகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. அட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, அதையே அளவாக வைத்துப் பெயர்த்தி துணிகளை வெட்டினாள்.

நூற்றிருபத்தாறு துண்டுகள் சேர்ந்தன. நடுவே வைக்க ஒன்பது குறைந்தன. மூதாட்டி நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு கூறைப்பட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு மணமாகும்போது மாப்பிள்ளையே தம் தறியில் நெய்த சேலை அது. எத்தனையோ வீட்டுத் திருமணங்களுக்குப் பட்டு நெய்த அந்த வீட்டில், தங்களுக்கென நெய்துகொண்டது அது ஒன்றுதான். மடிப்பு விழுந்த இடமெல்லாம் இழை விட்டுப் பிளந்திருந்தது. இனி உடுத்த இயலாது. எனினும் கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை.

“வெட்டிவிட்டால் சேலை இல்லை. வெட்டாவிட்டால் பெட்டியிலேயே பொடியாகும்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, சேலையைப் பெயர்த்தியிடம் கொடுத்தார்.

பிளவுகளுக்கு இடையே நல்ல பகுதி ஒன்பது துண்டுகளுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. பட்டு வழுக்குவதால் அட்டை நிற்கவில்லை. பெயர்த்தி அளவுகோலால் கோடிட்டு வெட்டினாள். ஒன்பதையும் வெட்டிய பிறகே தவறு புலப்பட்டது. பதற்றத்தில் ஆறரைக்கு மாறாக ஆறு அங்குலம் அளந்திருந்தாள். வேறு துணியும் இல்லை. வெட்டியதை மீண்டும் சேர்க்க வழியும் இல்லை. அவள் கண் கலங்கியது.

மூதாட்டி கடிந்துகொள்ளவில்லை. கண்புரையால் மங்கிய பார்வையோடு துண்டுகளை விரலால் தடவி அளந்தார். “காஞ்சிப் புடவையே ஒட்டுத்தானே, கண்ணு?” என்றார்.

அவர் சொன்னது நெசவின் உண்மை. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். முந்தானைக்கு நிறம் மாறும்போது உடலின் பாவிழைகளோடு முந்தானையின் பாவிழைகளை இணைக்கும் முறைக்குப் ‘பிட்னி’ என்று பெயர். உடல், கரை, முந்தானை எனத் தனித்தனியானவை இணைந்தே அச்சேலை உருவாகிறது. கரை இணையும் இடத்தின் உறுதியே நெய்தவரின் கைத்திறனுக்குச் சான்று.

“சின்னதாகப் போனதற்குக் கரை கட்டிவிடலாம்” என்ற மூதாட்டி, தனியே வைத்திருந்த வேட்டியை எடுத்தார். அதை வெட்டச் சொல்வதற்கு அவர் இம்முறை தயங்கவில்லை. முக்கால் அங்குல அகலத்தில் வெண்பட்டைகள் வெட்டப்பட்டன. ஒவ்வொரு பட்டுத்துண்டின் நான்கு பக்கமும் ஒரு பட்டை. தையலில் மடிவது போகப் பட்டில் ஐந்தரை அங்குலம் நின்றது, இருபுறமும் பட்டைகள் அரையரை அங்குலம் சேர்த்தன, ஆக ஆறரை. கணக்கு நேராயிற்று. மெலிந்த பட்டுக்கு அடியில் மெல்லிய நூல்துணி வைத்துத் தைத்தனர். தவறு நேராதிருந்தால் அந்த வேட்டி பெட்டியிலேயே இருந்திருக்கும்.

நைந்த துணியில் உறவைப் பொதிந்துவைக்கும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கிக் ‘காந்தா’ தைத்தனர்; சேலைக்கரையிலிருந்து உருவிய நூலே அதற்குத் தையல்நூலாயிற்று. ஆப்பிரிக்க வழிவந்தோராகிய கர்நாடகத்துச் சித்திப் பெண்கள் ‘கவந்தி’ என்னும் போர்வையை ஓரத்திலிருந்து நடுநோக்கித் தைக்கின்றனர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ‘ஜீஸ் பெண்ட்’ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர், அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள். அவ்வூரைச் சேர்ந்த மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி, கணவர் இறந்தபின் 1942 இல் அவருடைய வேலையுடைகளை வெட்டிப் போர்வை தைத்தார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002 இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன; 2006 இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. தென்னேரி மூதாட்டி அவ்வூரை அறியார். ஆயினும் இருவர் கத்தரிக்கோலும் ஒரே தயக்கத்தைக் கடந்தவையே.

கூடத்துத் தரையில் 135 துண்டுகளும் பரப்பப்பட்டன. ஒரே நிறம் அருகருகே வராமல் மாற்றி மாற்றி அடுக்கினர். வரிசை வரிசையாகத் தையற்பொறியில் இணைத்து, பின்னர் வரிசைகளை ஒன்றோடொன்று சேர்த்தனர். மேலே ஒட்டுத்துணி, நடுவே தூளிச்சேலையின் எஞ்சிய பகுதி, அடியில் புதிய வெள்ளைத்துணி என மூன்றடுக்காக விரித்து, நடுவிலிருந்து ஓரம்நோக்கிக் கையால் ஓட்டத்தையல் இட்டனர். சுருக்கம் வெளியே நகர்ந்துவிட அதுவே முறை. பெயர்த்தி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். தையல் நேராகச் செல்கிறதா என்பதை மூதாட்டியின் கண்ணைவிட விரலே நன்கறிந்தது.

புறப்படும் நாளில் போர்வை பெட்டிக்குள் சென்றது. கூடவே ஒரு சிறு துணிமூட்டையையும் மூதாட்டி வைத்தார். சுங்குடி, லுங்கி, வேட்டி என எஞ்சியவற்றில் ஒவ்வொரு கைப்பிடி, ஓர் ஊசி, ஒரு நூற்கண்டு.

“இது எதற்கு, ஆயா?”

“எந்தப் போர்வையும் ஒருநாள் கிழியும், கண்ணு. கிழிந்த அன்றே இதிலிருந்து எடுத்து ஒட்டுப் போட்டுவிடு. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உனக்குத்தான் தைக்கத் தெரியுமே.”

பேருந்து ஏரிக்கரையைத் தாண்டும்வரை பெயர்த்தி அந்த மூட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள்.