கிளிப் போட்டாயிற்று

பல் வரிசையைச் சீராக்கும் சிகிச்சையைத் தமிழர் ‘கிளிப் போட்டாயிற்று’ என்ற தொடரால் குறிக்கின்றனர். வினை முடிந்துவிட்டதாக இலக்கணம் அறிவிக்கிறது. வாய்க்குள் அது அப்போதுதான் தொடங்குகிறது. ஓர் அமர்வில் ஒட்டி அனுப்பப்படும் உலோகத் துண்டுகளைப் பெரும்பாலும் 18 முதல் 24 மாதங்கள் வரை காக்கும் பொறுப்பு அணிந்தவருடையது.

பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இடையே மெல்லிய நார்த்திசு ஒன்று உள்ளது. கம்பியின் இடைவிடாத சிறு அழுத்தத்தால் பல்லின் ஒருபுறம் எலும்பு கரைகிறது, மறுபுறம் புதிதாகப் படிகிறது. எட்வர்ட் ஆங்கிள் 1928இல் விவரித்த, செவ்வகப் பள்ளம் கொண்ட பிராக்கெட்டின் வழிவந்தவையே இன்றைய பிராக்கெட்டுகள் பலவும். கம்பியைப் பிடிக்கும் அதே விளிம்புகள் சோற்றுப் பருக்கையையும் பிடித்துக்கொள்கின்றன. படியும் அழுக்கில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்க, பிராக்கெட்டைச் சுற்றி எனாமல் தாது இழந்து வெளுக்கிறது. அதற்குச் சில வாரங்களே போதும். இழந்த எனாமலை உடல் மீண்டும் உருவாக்குவதில்லை. கிளிப்பை அகற்றும் நாளில், நேராகிவிட்ட பல்லின் நடுவே பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வெண்சட்டம் எஞ்சிவிடக்கூடும். கட்டணத்தைச் சொல்வதற்கு முன்பே சொல்லப்பட வேண்டிய செய்தி இது.

டெல்லியில் முனைவர் பட்டத்திற்காக மொழியியல் ஆய்வு செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி 27ஆம் வயதில் கிளிப் போட்டுக்கொண்டாள். பள்ளி வயதில் வீட்டில் பணமில்லை. இப்போது உதவித்தொகை வருகிறது, அதுவும் தாமதமாகத்தான். விடுதி வாழ்க்கை பல்லுக்கு உகந்ததன்று. நள்ளிரவுத் தேநீர், அதனோடு பிஸ்கட், பிறகு தட்டச்சு, அப்படியே உறக்கம். முதல் மாதத்திலேயே அவள் அதை மாற்ற வேண்டியிருந்தது. ஃபுளோரைடு பற்பசையுடன் பிரஷைச் சாய்த்துப் பிராக்கெட்டின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் தனித்தனியே தேய்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் குட்டிப் பிரஷை நுழைக்க வேண்டும். இதற்கு முன்னைப்போல் இரு மடங்கு நேரம் ஆனது. முறுக்கும் கடலை மிட்டாயும் ஊரிலிருந்து வந்தால் அறைத்தோழிக்கே போயின. கொய்யாவைக் கடிக்க முடியாது. மெல்லியதாக நறுக்கித்தான் தின்ன வேண்டும். நிறமற்றதாகக் கேட்டு வாங்கிய ரப்பர் வளையங்கள் ஒரே வாரத்தில் சாம்பார் மஞ்சளில் தோய்ந்தன. அது கறைதான், கேடில்லை.

உண்மையான சோதனை களப்பணியில் வந்தது. ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைப்பகுதியில் மால்தோ பேசுவோரிடம் ஒலிப்பதிவு செய்ய அவள் ஆறு வாரம் தங்கினாள். சர்க்கரை மிகுந்த தேநீரைத் தந்த வீட்டில் மறுப்பது முறையன்று. எனவே குடித்தாள், வெளியே வந்ததும் நீரால் வாய் கொப்பளித்தாள். இரண்டாம் வாரத்தில் கம்பியின் நுனி கன்னத்தைக் கிழிக்கத் தொடங்கியது. பல் மருத்துவர் பக்கத்தில் எங்கும் இல்லை. பையிலிருந்த மெழுகை உருட்டி நுனிமேல் அப்பிக்கொண்டுதான் அன்றைய சொற்பட்டியலை முடித்தாள். நான்காம் வாரம் வறுத்த மக்காச்சோளம் ஒரு பிராக்கெட்டைப் பெயர்த்தது. வலிக்கவில்லை, ஆபத்தும் அதுவே. வலிக்காததால் பலர் அதைத் தள்ளிப்போடுகின்றனர். அதற்குள் கட்டுப்பாடற்ற அந்தப் பல் மட்டும் பின்தங்கிவிடுகிறது. அவள் மருத்துவருக்குப் படம் அனுப்பி, திரும்பும் நாளுக்கு முன்பதிவு செய்தாள். அப்படியும் சிகிச்சை நீண்டது.

பேச்சு கெடும் என்ற அச்சம் அவளுக்கு முதலிலிருந்தே உண்டு, தொழில் அப்படி. வகரம் பல்லும் இதழும் இயைவதால் பிறப்பதாகத் தொல்காப்பியம் சொல்கிறது. வெளிப்புறம் ஒட்டிய பிராக்கெட்டில் கீழுதடு உரசியதால் அந்த ஒலி மட்டும் சில நாள் தடுமாறியது. நாவுக்கு ஏதும் நேரவில்லை. நாவுக்கான சோதனை கிளிப்பை எடுத்த பிறகே வந்தது. வெண்சட்டம் எதுவும் இல்லை. ஆனால் பற்களைச் சூழ்ந்த நார்கள் புதிய இடத்தில் நிலைகொள்ள மாதங்கள் ஆகும். அதுவரை பழைய இடத்திற்கு இழுக்கும். அதனால் மேலண்ணத்தை மூடும் அக்ரிலிக் ரிட்டெய்னர் ஒன்றைக் கொடுத்தனர். பத்து, பற்று, பட்டு என்று நா தொடும் இடத்தை நகர்த்தியே பொருளைப் பிரிக்கும் மொழியில், நடுவிடத்தை யாரோ பூசி மெழுகியது போலிருந்தது. துறைக் கருத்தரங்கில் பேச ஒன்பது நாள் இருந்தது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கட்டுரையை நாள்தோறும் இருமுறை உரக்கப் படித்தாள். ஐந்தாம் நாளில் றகரம் தெளிந்தது.

கருத்தரங்கு முடிந்த மதியம் விடுதி உணவறையில் தோழியர் ‘இனி முறுக்கு சாப்பிடலாமே, எல்லாம் முடிந்ததே’ என்றனர். அவள் ரிட்டெய்னரைக் கழற்றினாள். காகிதக் கைக்குட்டையில் சுற்றித் தட்டோரம் வைத்தால் அது நேராகக் குப்பைக்குப் போகும். டப்பாவில் வைத்து மூடினாள். உண்டபின் வெந்நீரில் அலசினால் அது வடிவம் கெட்டுவிடும் என்பதால் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனாள்.